கொழுப்புக்கு அடியில் கரையும் தசை: ஐசியுவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஆள் நல்ல உடம்பு. நாலு நாள் சாப்பாடு இறங்கலைன்னாலும் தாங்குவார்."

ஐசியு ரவுண்ட்ஸில் இந்தப் பேச்சு இன்றும் காதில் விழுகிறது. பாதி உண்மை என்பதால்தான் இது ஆபத்து. கொழுப்பு இருந்தால் எரிபொருள் இருக்கிறது, சரி. ஆனால் கொழுப்பு அமிலங்களை வைத்து உடலால் குளுக்கோஸ் செய்துகொள்ள முடியாது. கூடவே வெளிவரும் கிளிசராலில் இருந்து கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். காயம் ஆறவும் வெள்ளணுக்கள் பெருகவும் தேவைப்படும் அமினோ அமிலம் அதில் அறவே கிடையாது. அதற்கெல்லாம் உடல் கை வைப்பது தசையில். பிரிட்டனில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடும் நோயில் இருந்த 63 பேரின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள். பத்தாம் நாளில் அதன் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது.

புதிதாக ஐசியுவில் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், டயட்டீஷியன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோயாளியின் கொழுப்புத் திசுவுக்குள் என்ன நடக்கிறது, அதைக் கருத்தில் வைத்துப் படுக்கையருகே என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். எண்கள் எல்லாம் புரிந்துகொள்வதற்கு. எந்த நோயாளிக்கு எவ்வளவு என்பதை உங்கள் சீனியருடன் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

படி 1: கொழுப்புத் திசுவை ஓர் உறுப்பாகப் பாருங்கள்

வெள்ளைக் கொழுப்பு செல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே பெரிய எண்ணெய்த் துளியும் அதன் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் நியூக்ளியஸும்தான் தெரியும். அந்தத் துளி ட்ரைகிளிசரைடு. கிராமுக்கு 9 கிலோகலோரி. உடலில் 15 கிலோ கொழுப்பு உள்ளவர் ஒரு லட்சம் கிலோகலோரிக்கு மேல் கையிருப்பு வைத்திருக்கிறார். கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன் எல்லாம் சேர்ந்தாலும் ஓரிரு நாளுக்கு மேல் வராது.

திசுவில் கொழுப்பு செல்கள் மட்டும் இல்லை. ரத்தக் குழாய்கள், கொழுப்பு செல்லாக மாறக் காத்திருக்கும் முன்னோடி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கும் வெள்ளணுக்கள் எல்லாம் உண்டு. ஹார்மோனும் சுரக்கிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினைக் கண்டறிந்தபின் கொழுப்பை வெறும் கிடங்கு என்று யாரும் சொல்வதில்லை. வீக்கத்தைத் தணிக்கும், இன்சுலினுக்குத் துணைபோகும் அடிப்போனெக்டினும் இங்கிருந்துதான் வருகிறது. கடும் நோயின் தொடக்கத்தில் ரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடுகிறது.

இடமும் முக்கியம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வேறு, வயிற்றுக்குள் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு வேறு. குடலைச் சுற்றியது வெளிவிடும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருட்களும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன.

படி 2: நோயின் எந்த நாளில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்

காயம்பட்ட உடலின் வளர்சிதை மாற்றம் முதலில் அடங்கி, பிறகு பொங்கும் என்பதை டேவிட் கத்பர்ட்சன் 1942இலேயே எழுதினார். கொழுப்பின் கதையும் நாளுக்கு நாள் மாறுவதுதான். முதல் நாளின் உயிரியலை மூன்றாம் வாரத்தில் இருப்பவருக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்புவது புதியவர்களிடம் சகஜம்.

முதல் சில நாட்களில் நடப்பது கொழுப்புச் சிதைவு. அட்ரினலின், நார்அட்ரினலின், கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஒரே சமயத்தில் ஏறுகின்றன. கொழுப்பு செல்லின் மேல் உள்ள பீட்டா ஏற்பிகள் தூண்டப்பட்டதும் உள்ளே லிப்பேஸ் நொதிகள் விழித்துக்கொண்டு, ஒரு ட்ரைகிளிசரைடை மூன்று கொழுப்பு அமிலங்களாகவும் ஒரு கிளிசராலாகவும் உடைக்கின்றன. சாதாரண நாளில் இதற்குக் கடிவாளம் இன்சுலின். செப்சிஸில், அதாவது தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே பாதிக்கும் நிலையில், இன்சுலின் இருந்தும் அதன் பேச்சு எடுபடுவதில்லை. அதனால் சர்க்கரையும் ஏறுகிறது, கொழுப்பு அமிலங்களும் ஏறுகின்றன. ரத்த அழுத்தத்துக்காக நாம் பம்பில் ஓடவிடும் மருந்துகளும் இந்தத் தூண்டுதலோடு சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

வெளியே வந்த கொழுப்பு அமிலம் எல்லாம் எரிந்துவிடுவதில்லை என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். தீக்காய நோயாளிகளைப் பற்றி ராபர்ட் வுல்ஃப் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி மறுபடியும் ட்ரைகிளிசரைடாகக் கோக்கப்படுவது தெரிந்தது. உடைப்பதும் கோப்பதுமாகச் சுற்றுகிற இந்தச் சுழற்சியில் ஆற்றல் செலவாகிறது, வெப்பம் கிளம்புகிறது, மிஞ்சுவது எதுவும் இல்லை. கல்லீரலுக்கு வந்து சேரும் உபரி அங்கேயே தேங்கினால் கொழுப்புக் கல்லீரல். ரத்தத்துக்குத் திரும்ப அனுப்பப்பட்டால் அதை ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டிய லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் செப்சிஸில் மந்தமாகிக் கிடக்கிறது. ரத்த மாதிரியைச் சுழற்றிய பிறகு குழாயின் மேற்பகுதி தெளிவான மஞ்சளாக இல்லாமல் பால் கலந்ததுபோல் வெளிறித் தெரிந்தால், லேப்காரர் சொல்லும்வரை காத்திருக்காமல் ட்ரைகிளிசரைடு கேளுங்கள்.

நாட்கள் நீள நீள வேறொன்று தொடங்குகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு, நீண்டநாள் கடும் நோயில் இருந்தவர்களின் கொழுப்புத் திசுவை எடுத்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட முடிவுகள் எனக்கு இன்றும் வியப்பானவை. செல்கள் வற்றிச் சுருங்கியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அவர்கள் கண்டது, சின்னச் சின்ன கொழுப்பு செல்கள் எண்ணிக்கையில் கூடியிருப்பதை. இன்சுலின் சொன்னால் மட்டும் குளுக்கோஸை உள்ளே விடும் குளுட்-4 குறைந்து, இன்சுலினைக் கேட்காமலே விடும் குளுட்-1, குளுட்-3 கூடியிருந்தன. மேக்ரோஃபேஜ்களும் குவிந்திருந்தன. ஆனால் உடல் பருமனில் காணும் சண்டைக்கார வகை அல்ல, சீர்செய்யும் வகை. மொத்தத்தில், ரத்தத்தில் அளவுக்கு மீறி அலையும் சர்க்கரையையும் கொழுப்பையும் உள்ளே வாங்கி அடைத்துவைக்கத் திசு தயாராகிறது. மற்ற உறுப்புகளைக் காக்கும் தகவமைப்பா இது என்று அவர்கள் கேள்வியாகவே வைத்தார்கள். அந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் மாதிரிகளில் ஒரு பகுதி இறந்தவர்களிடமிருந்து எடுத்தவை. ஒரு கணத்தின் படத்தை வைத்து முழுக்கதையும் சொல்லிவிட முடியாது.

தீக்காயத்தில் மட்டும் இன்னொரு திருப்பம். பெரிய தீக்காயம் பட்டவர்களின் தோலடி வெள்ளைக் கொழுப்பு வாரக்கணக்கில் பழுப்புக் கொழுப்பின் குணத்தை எடுத்துக்கொள்கிறது என்று 2015இல் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா பெருகி, யுசிபி-1 என்னும் புரதம் தோன்றி, எரிபொருளை நேரடியாக வெப்பமாகச் செலவழிக்கிறது. பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்தான (பீட்டா பிளாக்கர்) புரோப்ரனலால் தீக்காயப் பிரிவுகளில் ஏன் பேசப்படுகிறது என்பது இப்போது புரியும்.

படி 3: எடை மெஷினை நம்பாதீர்கள், கையால் தொட்டுப் பாருங்கள்

செப்சிஸுக்குத் திரவம் ஏற்றியவரின் எடை இரண்டே நாளில் பத்துக் கிலோ கூடியிருக்கலாம். அது அத்தனையும் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் தசை கரைந்துகொண்டிருக்கும். நியூசிலாந்தின் பிளாங்க், ஹில் ஆகியோரின் அளவீடுகளில் கடும் செப்சிஸ் நோயாளிகள் மூன்று வாரத்தில் உடலின் மொத்தப் புரதத்தில் சுமார் 13 சதவீதத்தை இழந்திருந்தார்கள். எடை மெஷின் இதைக் காட்டாது.

போர்வையை விலக்குங்கள். தொடையின் முன்புறம் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். பள்ளம் நின்றால் நீர். பிறகு தொடையைப் பக்கவாட்டில் மெல்ல அள்ளிப் பிடியுங்கள்: தோல், அதன்கீழ் குழைவான கொழுப்பு, அதற்கும் கீழே தசை திரண்டு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழுப்பு நிறைய இருந்தும் தசை தட்டுப்படாமல் எலும்பு நேராகத் தெரிந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. பருமனானவர்களிடம் ஏமாறாமல் இருக்க இரண்டு இடங்கள் உதவும். ஒன்று நெற்றிப்பொட்டு, இன்னொன்று கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள மேடு. அங்கே குழி விழுந்திருந்தால் வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தசை போய்க்கொண்டிருக்கிறது.

நோய்க்கு முந்தைய எடையை உறவினர்களிடம் கேளுங்கள். "கடைசியா எப்ப எடை பார்த்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "போன மாசம் போட்ட சட்டை இப்ப லூசா இருந்துச்சா, பெல்ட்டை இறுக்கிப் போட்டாரா?" என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, தோல்மடிப்பு அளக்கும் காலிப்பரை ஐசியுவில் விட்டுவிடலாம். நீர்கோத்த தோலில் அது சொல்லும் எண்ணுக்கு அர்த்தமில்லை. மின்தடை கொண்டு உடல் கூறுகளை அளக்கும் கருவியும் நீரால் குழம்பும். அல்ட்ராசவுண்ட் நல்லது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் புரோபை வைக்க வேண்டும். அழுத்தினால் கொழுப்பு அடுக்கு மெலிந்து தெரியும். வேறு காரணத்துக்காக வயிற்று சிடி எடுத்திருந்தால் அதை வீணாக்காதீர்கள். மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் ஒரே வெட்டுப் படம் போதும். சிடியில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தோலடிக் கொழுப்பு −190 முதல் −30 வரை, தசை −29 முதல் +150 வரை. தசைக்குள் கறுப்புக் கீற்றுகள் ஓடினால் அது தசைக்குள் புகுந்த கொழுப்பு. இருக்கும் தசையும் தரமாக இல்லை என்று பொருள்.

படி 4: சிரிஞ்ச் பம்பில் ஓடும் கொழுப்பையும் கணக்கில் சேருங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். மயக்க மருந்தான புரோபோஃபால் பால்போல் வெள்ளையாக இருப்பது சோயா எண்ணெய்க் குழம்பில் கலந்திருப்பதால். மில்லிலிட்டருக்கு 0.1 கிராம் கொழுப்பு, 1.1 கிலோகலோரி.

70 கிலோ நோயாளி ஒருவருக்கு 1 சதவீத புரோபோஃபால் மணிக்கு 20 மி.லி. ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 480 மி.லி., அதாவது 48 கிராம் கொழுப்பு, 528 கிலோகலோரி. கிலோவுக்கு 25 கிலோகலோரி என்று மதிப்பிட்டால் அவரது தேவை 1750. முதல் வாரத்தில் அதில் 70 சதவீதத்துக்குள் நிறுத்துகிறீர்கள் என்றால் 1225. அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மயக்க மருந்தே கொடுத்துவிட்டது. மிச்சத்துக்கு மட்டும் மூக்குக் குழாய் வழியே உணவு போனால், கலோரி சரியாக இருக்கும், புரதம் வெகுவாகக் குறைந்துபோகும். அதனால் உணவின் அளவைக் குறைக்கும் அதே கையோடு புரதப் பவுடரைத் தனியாகச் சேர்க்கவோ, புரதம் கூடிய கலவைக்கு மாற்றவோ கேளுங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் படிப்படியாக எட்டச் சொல்லும் புரத இலக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.3 கிராம். 2 சதவீத புரோபோஃபாலுக்கு மாறினால் அதே மருந்துக்குப் பாதிக் கொழுப்புதான் போகும்.

சிரை வழியே போகும் கொழுப்பு, புரோபோஃபாலையும் சேர்த்து, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.5 கிராமைத் தாண்டக் கூடாது. ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மி.கி.க்கு மேல் போனால் சீனியரிடம் சொல்லி மூலத்தைக் குறையுங்கள். புரோபோஃபால் மணிக்குக் கிலோவுக்கு 4 மி.கி.க்கு மேல் இரண்டு நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்க, ட்ரைகிளிசரைடும் லாக்டேட்டும் தசை சிதைவதைக் காட்டும் சிகே-யும் சேர்ந்து ஏறி, இதயத் துடிப்பும் தடுமாறினால் புரோபோஃபால் நோய்க்குறி என்ற சந்தேகம் வர வேண்டும். மருந்தை நிறுத்துவது பற்றி அந்த நிமிடமே பேசுங்கள்.

"அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே தாராளமாக ஊட்டினால் தசையைக் காப்பாற்றலாமே?" நியாயமான கேள்வி. பெல்ஜியத்தில் 4640 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான எபானிக் ஆய்வு இதைச் சோதித்தது. குழாய் உணவில் விட்ட குறையைச் சிரைவழி ஊட்டத்தால் முதல் நாட்களிலேயே நிரப்பியவர்களைவிட, எட்டாம் நாள்வரை காத்திருந்தவர்கள் சீக்கிரம் ஐசியுவை விட்டு வெளியேறினார்கள். அந்த ஆய்வில் ஒரு சிறு குழுவுக்கு சிடி எடுத்துப் பார்த்தபோது முன்கூட்டியே ஊட்டியதால் தசை மிஞ்சவில்லை, தசைக்கு இடையில் கொழுப்புதான் கூடியிருந்தது. படி 2இல் பார்த்த, வாங்கி அடைக்கத் தயாராகும் திசுவை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

பருமனானவருக்கு எந்த எடையை வைத்துக் கணக்குப் போடுவது? முழு எடையை வைத்தால் அதிகமாகும், உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்தால் குறைந்துவிடும். கூடுதல் எடையில் 20 முதல் 25 சதவீதத்தை மட்டும் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. 100 கிலோ எடை, உயரத்துக்கு ஏற்றது 60 கிலோ என்றால் கூடுதல் 40. அதில் கால்பங்கு 10. கணக்குக்கு 70 கிலோ.

பருமனானவருக்கு ரீஃபீடிங், அதாவது பட்டினிக்குப் பின் ஊட்டத் தொடங்கியதும் ரத்தத்தில் தாது உப்புகள் சரிவது, வராது என்று நினைத்துவிட வேண்டாம். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் வந்தவர் யாராக இருந்தாலும் ஊட்டத் தொடங்கியதும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பாருங்கள். ஊட்டுவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுங்கள்.

படி 5: ஊசி போடும் இடத்தில் ரத்தம் ஓடுகிறதா என்று யோசியுங்கள்

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை வயிற்றுத் தோலடிக் கொழுப்பில் போடுவது அன்றாட வேலை. ஆனால் நார்அட்ரினலின் ஓடும்போது அந்தத் திசுவில் ரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன. ரத்த அழுத்த மருந்தில் இருப்பவர்களுக்குத் தோலடியில் போட்ட குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே சேர்வதை 2002இல் காட்டினார்கள். நீர்கோத்த வயிற்றிலும் இதே சந்தேகம் வர வேண்டும். அதிர்ச்சி நிலையில் இன்சுலினைத் தோலடியில் போடாமல் சிரை வழியே ஓடவிடுவதற்கும் காரணம் இதுதான். தோலடியில் போட்டால், அப்போது உறிஞ்சாமல் கிடந்தது, ரத்த ஓட்டம் திரும்பியதும் மொத்தமாக உள்ளே போய் சர்க்கரையைச் சரியவைக்கும்.

மிடசோலம், ஃபென்டனில் போன்றவை கொழுப்பில் கரைபவை. நாள்கணக்கில் ஓட்டினால் கொழுப்புத் திசுவில் சேர்ந்துகொண்டு, பம்பை நிறுத்திய பிறகும் மெதுவாக ரத்தத்துக்குத் திரும்பும். பருமனானவர் மயக்கத்திலிருந்து எழ நேரமாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரேயடியாக மூளையைச் சந்தேகிப்பதற்கு முன் மருந்துச் சார்ட்டைப் பாருங்கள். அதற்காக உண்மையான மூளைப் பாதிப்பைத் தேடாமலும் இருந்துவிடாதீர்கள்.

கணையத்துக்கு ஒரு தனிக் குறிப்பு

கடும் கணைய அழற்சியில் கணையத்தின் லிப்பேஸ் வெளியே கசிந்து சுற்றியுள்ள வயிற்றுக் கொழுப்பையே செரிக்கத் தொடங்கும். வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோப்பாகப் படிகின்றன. ரத்தக் கால்சியம் குறைய அது ஒரு காரணம். நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் செல்களுக்கு நேரடியாகவே நஞ்சு. வயிற்றுக் கொழுப்பு மிகுந்தவர்களுக்குக் கணைய அழற்சி மோசமாவதில் இதற்குப் பங்குண்டு.

படி 6: "குண்டாக இருந்தால் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டால்

ரவுண்ட்ஸில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஐசியுவுக்கு வந்தவர்களில் மிதமாகப் பருமனானவர்கள் ஒல்லியானவர்களைவிட அதிகம் பிழைக்கிறார்கள் என்று பல தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. அதே சமயம் கொரோனா காலத்தில் பருமனானவர்கள்தான் கூடுதலாக வென்டிலேட்டருக்குப் போனார்கள். ஐசியுவுக்கு வரும் வாய்ப்பு ஒன்று, வந்தபின் பிழைக்கும் வாய்ப்பு வேறொன்று. இரண்டையும் ஒரே பதிலில் அடக்கக் கூடாது. தவிர, நோயால் ஏற்கெனவே இளைத்துப்போனவர்களும் "ஒல்லி" பட்டியலில்தான் வருவார்கள் என்பதால் ஒப்பீடே கொஞ்சம் சாய்வானது.

உயிரியல் காரணமும் இருக்கலாம். லூவன் குழு எலிகளில் செய்த சோதனையில், செப்சிஸ் வந்தபோது பருத்த எலிகள் தங்கள் கொழுப்பை எடுத்துப் பயன்படுத்தின, தசையை ஒல்லி எலிகள் அளவுக்கு இழக்கவில்லை. கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன் தசை வலுவுக்கு உதவியதையும் பின்னர் காட்டினார்கள். எலியில் பார்த்ததை நோயாளிக்கு அப்படியே மருந்தாக எழுத இன்னும் நேரம் வரவில்லை என்பது என் கருத்து. இப்போதைக்கு உங்களுக்குப் பயன்படுவது இது: ஒல்லியான நோயாளியின் கையிருப்பு குறைவு, அவரது ஊட்டம் தடைபட்டால் முதலில் கவலைப்படுங்கள். பருத்தவரிடம் முதலில் கவலைப்பட வேண்டியது புரதத்தைப் பற்றி.

படி 7: வெளியே போகும் நாளில் சொல்ல வேண்டியது

கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்தவர்களைக் கனடாவில் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஐசியுவை விட்டுப் போகும்போதே அவர்கள் எடையில் 18 சதவீதம் இழந்திருந்தார்கள். ஓராண்டில் பெரும்பாலோருக்கு எடை திரும்பியது, ஆனால் பலருக்குத் தசைச் சோர்வு போகவில்லை. பட்டினிக்குப் பிறகு கொழுப்பு முந்திக்கொண்டு திரும்பும் என்பது பழைய செய்திதான். 1944–45இல் மின்னசோட்டாவில் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு, பிறகு ஊட்டிப் பார்த்த சோதனையில், தசை முழுதாகத் திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது.

அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது "எடை ஏறுதா பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்று வாரம் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும், பிசியோதெரபி விட்டுப்போக வேண்டாம் என்று வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எடையும் எழுந்து நின்ற எண்ணிக்கையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக இருக்கட்டும். எடை ஏறி எண்ணிக்கை ஏறாமல் நின்றால், அடுத்த முறை வரும்வரை காத்திராமல் போன் செய்யச் சொல்லுங்கள்.